நாடாளுமன்றப் பேச்சில் சொற்கள் மாறுவதைப் பின்தொடர: எண்ணிப் பார்ப்பதா, மாடல் ஓட்டுவதா, ஏஐயிடம் கேட்பதா?

பழைய சட்டமன்ற விவாதப் பதிவுகளில் "கனம் மந்திரி அவர்கள்" என்று இருக்கும். சில தொகுதிகள் தள்ளிப் புரட்டினால் அதே இடத்தில் "மாண்புமிகு அமைச்சர் அவர்கள்" வந்துவிட்டிருக்கும். அக்கிராசனர் சபாநாயகராகி, அப்புறம் பேரவைத் தலைவராகியிருப்பார். சர்க்கார் அரசாகவும், மசோதா சட்ட முன்வடிவாகவும், அபேட்சகர் வேட்பாளராகவும் ஆகியிருக்கும். இதையெல்லாம் யாரும் ஒரே நாளில் வாக்கெடுத்து மாற்றவில்லை, பேசியவர்கள் மாற மாறப் பேச்சும் மாறியது. அது எப்போது தொடங்கியது, யார் வாயிலிருந்து முதலில் வந்தது, எந்தப் பக்கத்து இருக்கைகள் பழைய சொல்லைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தன என்று தேடத் தொடங்கினால், அரசியல் வரலாற்றுக்குள் வேறொரு வாசல் திறக்கிறது. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது அதனால்தான்.

இப்போது இதைக் கணினியில் செய்ய முடிகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஹான்சார்ட் பதிவுகள் 1803 முதல் 2005 வரை ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன: சுமார் 76 லட்சம் பேச்சுகள், 160 கோடிச் சொற்கள். ஐரோப்பாவில் பார்லாமின்ட் என்ற திட்டம் 29 நாடுகள், பிராந்தியங்களின் அவைப் பேச்சுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது, அது 100 கோடிச் சொற்களைத் தாண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் பேச்சுகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கோப்பாக இருக்கின்றன. பொருளுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கருவியைக் கையில் எடுப்பது என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இப்போது ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்: சொல் எண்ணிக்கை, தொடரடைவு (ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் வரிசையாக அடுக்கிக் காட்டுவது), டாபிக் மாடல் (சேர்ந்து வரும் சொற்களை வைத்துப் பேச்சுகளைத் தலைப்புகளாகப் பிரிப்பது), எம்பெடிங் (சொல்லை அதன் அக்கம்பக்கத்தை வைத்து எண்களாக மாற்றுவது), ஏஐக்கு அடியில் இருக்கும் பெரிய மொழி மாடல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு எண்ணிக்கையும் தொடரடைவும் போதும், மற்றவை அதற்கு மேல் வைக்கும் அடுக்குகள். நான் எதையும் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்: கருவி எனக்கு ஒரு எண்ணைத் தருகிறது என்றால், அந்த எண்ணிலிருந்து யாரோ ஒருவர் எழுந்து நின்று பேசிய அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறதா? வழி இருந்தால் தவறைக் கண்டுபிடிக்கலாம். இல்லாவிட்டால் தவறும் கண்டுபிடிப்பு மாதிரியே தெரியும்.

கருவிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் பதிவைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் எந்தக் கருவியும் இதிலிருந்து காப்பாற்றாது. அவையில் பேசியது ஒன்று, அச்சில் வந்தது இன்னொன்று. ஹான்சார்டையே எடுங்கள். வில்லியம் காபெட் 1803-இல் தொடங்கியதை அச்சகர் தாமஸ் கர்சன் ஹான்சார்ட் பிறகு வாங்கிக்கொண்டார். அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி அது செய்தித்தாள்களிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் திரட்டிய சுருக்கம்தான். பல பேச்சுகள் "அவர் இன்னது சொன்னார், தமக்கு இது ஏற்புடையதல்ல என்றார்" என்று படர்க்கையில் இருக்கும். 1909-இல்தான் நாடாளுமன்றமே தன் நிருபர்களை வைத்து ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யத் தொடங்கியது. இப்போது யோசியுங்கள்: "நான்" என்ற சொல் இருநூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்று ஒருவர் வரைபடம் போட்டால், 1909-ஐ ஒட்டி ஏற்படும் எந்தத் துள்ளலையும் நம்ப முடியாது. உறுப்பினர்களுக்கு திடீரென்று தன்முனைப்பு வந்துவிட்டது என்று கட்டுரையே எழுதிவிடலாம், ஆனால் அங்கே மாறியது எழுதிக்கொண்டவரின் பழக்கம்.

1909-க்குப் பிறகும் அது ஒலிப்பதிவு அல்ல. திரும்பத் திரும்பச் சொன்னதை நீக்குவதும், வெளிப்படையான தவறுகளைத் திருத்துவதும் விதியிலேயே இருக்கிறது. சாண்ட்ரா மாலின் என்ற மொழியியலாளர் 2007-இல் ஒலிப்பதிவையும் ஹான்சார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அச்சில் வந்த பேச்சு வாயில் வந்ததைவிட இறுக்கமான, எழுத்துநடைப் பேச்சாக இருந்தது. தடுமாற்றம், பாதியில் விட்ட வாக்கியம், பேச்சுவழக்குச் சுருக்கங்கள் எல்லாம் போய்விடுகின்றன. ஆகவே "அவையில் பேச்சுவழக்கு கூடியதா குறைந்ததா" என்பது உங்கள் கேள்வி என்றால், அச்சுப் பதிவு அதற்குச் சரியான சாட்சியே இல்லை. "அகதி" என்ற சொல்லின் இடத்தில் எந்தச் சொல் வந்தது, "ஊனமுற்றோர்" எப்போது "மாற்றுத்திறனாளிகள்" ஆனார்கள் என்பது மாதிரிக் கேள்விகளுக்கு அது நல்ல சாட்சி, ஏனென்றால் அப்படிப்பட்ட கனமான சொற்களை நிருபர்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை.

மொழிபெயர்ப்பு இன்னொரு பொறி. ஐரோப்பிய நாடாளுமன்றப் பேச்சுகளைக் கொண்ட யூரோபார்ல் தொகுப்பு இயந்திர மொழிபெயர்ப்புக்காகத் தொகுக்கப்பட்டது. அதில் ஒரு மொழிப் பகுதியைத் திறந்தால், அந்த மொழியிலேயே பேசியதும் வேறு மொழியிலிருந்து பெயர்த்ததும் கலந்தே கிடக்கும். ஒரு சொல் கூடுகிறது என்றால் பேசியவர்கள் மாறினார்களா, மொழிபெயர்ப்பாளர்கள் மாறினார்களா என்று பிரிக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

எண்ணிக்கையும் தொடரடைவும். சொல்லை ஆண்டுவாரியாக எண்ணுவது, அப்புறம் அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்தையும் முன்னும் பின்னும் சில சொற்களோடு வரிசையாக அடுக்கிப் படிப்பது. இதற்கு லாரன்ஸ் ஆந்தனி உருவாக்கிய ஆன்ட்கான்க் என்ற மென்பொருள் இலவசம், நிரல் எழுதவே வேண்டாம். நிரல் எழுதுபவர்களுக்கு ஆர் என்ற நிரல்மொழியில் குவான்டெடா என்ற கருவித்தொகுப்பு இருக்கிறது. இது பழைய முறை என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இந்த முறை ஒன்றில்தான் எண்ணுக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் எதுவுமே இல்லை. எண்ணைச் சொடுக்கினால் வரி வருகிறது, வரியைச் சொடுக்கினால் முழுப் பேச்சு வருகிறது, பேசியவர் யார் என்று தெரிகிறது.

ஆனால் எண்ணுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம், தமிழில் அறவே இல்லை. சட்டம், சட்டத்தை, சட்டத்துக்கு, சட்டத்தின், சட்டங்களில் எல்லாம் கணினிக்குத் தனித்தனிச் சொற்கள். சரி, "சட்ட" என்று தொடங்கும் எல்லாவற்றையும் எண்ணு என்று சொன்னால் சட்டமன்றமும் சட்டகமும் வரும், சட்டைகூட வந்து உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அந்த ஐகாரக் குறி எழுத்துக்குப் பின்னால் தனியாக வருகிறது. ஆகவே உருபுகளைப் பிரிக்கும் நிரல் வேண்டும், அல்லது நீங்கள் பின்தொடரும் பத்துப் பதினைந்து சொற்களுக்கு மட்டும் அவற்றின் எல்லா வடிவங்களையும் கையால் பட்டியலிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அரை நாள் வேலை, ஆனால் அதற்குப் பிறகு எது எண்ணப்பட்டது, எது விடுபட்டது என்று உங்களுக்குத் தெரியும். பழைய எழுத்து வடிவங்களில் அச்சான பக்கங்களை ஓசிஆர் செய்திருந்தால் (அதாவது பக்கத்தின் படத்திலிருந்து மென்பொருளால் எழுத்தைப் படித்தெடுத்திருந்தால்) லை, னை, ணா, றா வரும் இடங்களைத் தனியாகச் சோதித்துவிடுங்கள். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் கொம்பு போட்ட அந்த வடிவங்களில்தான் மென்பொருள் தடுமாறும், அப்படித் தடுமாறினால் ஒரு சொல்லின் எண்ணிக்கை 1978-க்குப் பிறகு தானாகவே கூடிய மாதிரித் தெரியும்.

வகுக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். வெறும் எண்ணிக்கை எதற்கும் உதவாது. அவை கூடிய நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், தேர்தல் ஆண்டில் பாதிகூட இருக்காது. பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை முறை என்று வகுத்தால்தான் ஆண்டுகளை ஒப்பிட முடியும். அதிலும் ஒன்று: ஒரே உறுப்பினர் ஒரே நாளில் ஒரு சொல்லை எண்பது முறை சொல்லியிருந்தால் அந்த ஆண்டே எகிறிவிடும். அதனால் எத்தனை முறை என்பதோடு, எத்தனை பேர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்றும் எண்ணுங்கள். சொல் பரவுகிறதா, ஒருவரிடமே தங்கியிருக்கிறதா என்பது இந்த இரண்டாவது எண்ணில்தான் தெரியும்.

ஒருமுறை ஸ்கேன் செய்த ஒரு தொகுப்பில் "கல்வி" குறிப்பிட்ட இரண்டு ஆண்டுகளில் மட்டும் பெரிதாக உயர்ந்திருந்தது. எனக்கு ஒரே உற்சாகம், காரணம்கூட யோசித்து வைத்துவிட்டேன். தொடரடைவைத் திறந்து பார்த்தால் வரிக்கு வரி ஒரே மாதிரி இருந்தது: மானியக் கோரிக்கையின் தலைப்பு, ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அச்சாகியிருந்த தலைப்பு, பேச்சோடு பேச்சாகக் கோப்பில் சேர்ந்துவிட்டிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் பக்க அமைப்பு வேறு. பத்து நிமிடத்தில் தெரிந்துபோனது. இதே பிழை ஒரு டாபிக் மாடலுக்குள் போயிருந்தால் "கல்விக் கொள்கை" என்று அழகான ஒரு தலைப்பாக வெளியே வந்திருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

எண்ணிக்கையின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: தேடும் சொல் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். "அமைச்சர்" உயர்வதை மட்டும் பார்த்தால் அமைச்சர்களைப் பற்றிய பேச்சு கூடியதாகத் தெரியும், "மந்திரி" அதே வேகத்தில் இறங்குவதைப் பக்கத்தில் போட்டால்தான் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தது தெரியும். ஜோடியின் மறு பாதி உங்களுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் அடுத்த வழி.

இரண்டு குவியல்களை மோதவிடுவது. ஆளுங்கட்சிப் பேச்சு ஒரு பக்கம், எதிர்க்கட்சிப் பேச்சு ஒரு பக்கம். அல்லது ஒரு பத்தாண்டு ஒரு பக்கம், அடுத்த பத்தாண்டு மறு பக்கம். எந்தச் சொற்கள் ஒரு பக்கத்துக்கே உரியவை என்று கணினி கண்டுபிடிக்கட்டும். சுலபமாகத் தோன்றும், ஆனால் இதில் பலர் வழுக்கியிருக்கிறார்கள். வெறும் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் எங்கும் நிறைந்த இடைச்சொற்கள் மேலே வரும். விகிதத்தைக் கணக்கிட்டால் யாரோ ஒருவர் ஒரே முறை சொன்ன அபூர்வச் சொற்கள் மேலே வரும். மன்ரோ, கொலரேசி, க்வின் மூவரும் 2008-இல் அமெரிக்கச் செனட்டின் கருக்கலைப்பு விவாதங்களை எடுத்து இதைக் காட்டினார்கள், அபூர்வச் சொற்களின் ஆட்டத்தை அடக்கும் ஒரு கணக்கையும் தந்தார்கள். டிரிச்லே முன்கணிப்போடு கூடிய லாக்-ஆட்ஸ் என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் சில வரி நிரல்தான், தயார் நிலையிலும் கிடைக்கிறது. இதைவிட்டு வெறும் விகிதத்தைப் பயன்படுத்த இப்போது எந்தக் காரணமும் இல்லை.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று இதை ஒட்டியே இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது விதிக்கும் வரியை ஒரு தரப்பு "எஸ்டேட் டாக்ஸ்" என்கிறது, எதிர்க்கும் தரப்பு "டெத் டாக்ஸ்" என்கிறது. ஒன்று சொத்து வரி, இன்னொன்று சாவு வரி; வரி ஒன்றுதான். இப்படிக் கட்சிக்கொரு சொல் பேசுவது எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஜென்ட்ஸ்கோ, ஷபிரோ, டாடி மூவரும் 1873 முதல் 2016 வரையிலான காங்கிரஸ் பேச்சுகளில் பார்த்தார்கள், 2019-இல் வெளியிட்டார்கள். வழக்கமான கணக்குப்படி பார்த்தால் பழைய காலத்திலும் இரு கட்சிகளின் பேச்சு இன்றைக்குச் சமமாக விலகியிருந்த மாதிரியே வந்தது. பேச்சாளர்களின் கட்சியை வேண்டுமென்றே சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்துப் பார்த்தார்கள். கட்சி என்பதற்கே பொருள் இல்லாமல் போன பிறகும் அதே கணக்கு பெரிய விலகலைக் காட்டியது! காரணம் எளிது: பேசக்கூடிய சொற்றொடர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, பேச்சோ அவ்வளவு இல்லை, ஆகவே தற்செயலாக ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்த சொற்களெல்லாம் கட்சிச் சொற்களாகக் கணக்கில் சேர்ந்துவிட்டன. திருத்திய கணக்கில், நீண்ட காலம் சிறிதாகவே இருந்த இடைவெளி 1990-களின் தொடக்கத்துக்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. வரலாற்றின் வடிவமே மாறிவிடுகிறது, பாருங்கள். அதனால் நீங்கள் எந்தக் கருவியை எடுத்தாலும் இந்தக் கலைத்துப்போடும் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.

டாபிக் மாடலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 2003-இல் வந்த எல்டிஏ என்ற முறை இதன் தாய். சேர்ந்து வரும் சொற்களைக் கட்டுகளாகப் பிரித்துத் தரும், கட்டுகளுக்குப் பெயர் வைப்பது நம் வேலை. எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதற்கு இது நல்ல கருவி. 1997 முதல் 2004 வரையிலான செனட் பேச்சுகளை இப்படி 42 தலைப்புகளாகப் பிரித்து, கவனம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று காட்டிய ஆய்வு இன்றும் படிக்கத் தகுந்தது. ஆனால் நம் கேள்வி எதைப் பற்றி என்பதல்லவே, எந்தச் சொல்லால் என்பதல்லவா? மந்திரியையும் அமைச்சரையும் இது ஒரே கட்டில் போட்டு விஷயத்தையே மறைத்துவிடலாம், அல்லது அவை நடைமுறைச் சொற்களான தீர்மானம், உறுப்பினர், மாண்புமிகு, முன்மொழிகிறேன் எல்லாம் ஒவ்வொரு கட்டிலும் நுழைந்து தொல்லை தரலாம். எத்தனை கட்டுகள் என்பதை நாமே சொல்ல வேண்டும், முப்பது என்றால் ஒரு கதை, அறுபது என்றால் வேறு கதை. புள்ளிவிவரப்படி நன்றாகப் பொருந்தும் மாடல் மனிதர்கள் படித்துப் பார்க்கும்போது நன்றாக இருப்பதில்லை என்றும் 2009-லேயே காட்டிவிட்டார்கள். பெரிய குவியலுக்குள் முதல்முறை இறங்கும்போது வரைபடம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பேச்சுகளைப் படிக்க வேண்டும் என்று பிரித்தெடுக்க உதவும். அதற்கு மேல் இந்த வேலைக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

எம்பெடிங் வேறு ரகம். 2013-இல் வேர்ட்2வெக் என்ற முறை வந்த பிறகு, ஒவ்வொரு சொல்லையும் அது பழகும் அக்கம்பக்கத்தை வைத்து ஒரு புள்ளியாக மாற்ற முடிந்தது. பத்தாண்டுக்கு ஒரு மாடல் பயிற்றுவித்து, அவற்றை ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி திருப்பி வைத்தால், ஒரே சொல் எந்தத் திசையில் நகர்ந்தது என்று அளக்கலாம். ஹாமில்டன், லெஸ்கோவெக், ஜுராஃப்ஸ்கி 2016-இல் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். ஆங்கிலத்தில் "பிராட்காஸ்ட்" என்ற சொல் விதை தூவுவதிலிருந்து ஒலிபரப்புக்குப் போனது அப்படியே தெரியும். எண்ணிக்கையால் இதைப் பிடிக்கவே முடியாது. சொல் அதேதான், எண்ணிக்கைகூட அதேயாக இருக்கலாம், உள்ளே இருக்கும் பொருள் மட்டும் வேறு. "சீர்திருத்தம்" என்ற சொல் ஒரு காலத்தில் நிலத்தோடும் இன்னொரு காலத்தில் வங்கியோடும் சந்தையோடும் சேர்ந்து வரலாம். உங்கள் கேள்வி அப்படிப்பட்டது என்றால் எம்பெடிங்கைத் தவிர்க்க முடியாது.

அதே சமயம், இதன் எண்ணிலிருந்து வாக்கியத்துக்குத் திரும்பும் பாதை மிகவும் மங்கல். மாடலைத் திரும்ப ஓட்டினால் ஒரு சொல்லின் பக்கத்துச் சொற்கள் வேறாக வரலாம், சிறிய தொகுப்பில் இது அதிகம். சொற்பொருள் எப்படி மாறும் என்று ஹாமில்டன் குழுவினர் 2016-இல் சொன்ன சில "விதிகளை" அடுத்த ஆண்டே டுபோசார்ஸ்கியும் குழுவினரும் எடுத்துப் பார்த்தார்கள். நூல்களின் காலத்தைக் கலைத்துப்போட்ட பிறகும், அதாவது உண்மையான மாற்றம் எதுவும் இருக்க முடியாத இடத்திலும், அதே விதிகள் பெருமளவு தெரிந்தன. சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதே மாற்றமாக வேடம் போட்டிருந்தது. இங்கேயும் அந்தக் கலைத்துப்போடும் சோதனைதான் காப்பாற்றியது. ஒரு சொல் ஒரு பத்தாண்டில் சில நூறு முறையாவது வராவிட்டால் தனி மாடல் பயிற்றுவிப்பதில் பயனில்லை என்பது என் அனுபவம். அரிய சொற்களுக்கு, முன்பே பயிற்றுவித்த எம்பெடிங்கை வைத்துக்கொண்டு சூழலை மட்டும் ஒப்பிடும் முறை ஒன்றை ராட்ரிகஸ், ஸ்பிர்லிங், ஸ்டூவர்ட் 2023-இல் கொடுத்தார்கள். நான் இன்று புதிதாகத் தொடங்கினால் அந்த வழியில்தான் போவேன். தமிழில் இன்னொரு தடை: உருபுகளைப் பிரிக்காமல் பயிற்றுவித்தால் "அரசுக்கு" என்பதன் பக்கத்தில் "மக்களுக்கு", "அவர்களுக்கு" வந்து நிற்கும், பொருளுக்குப் பதில் வேற்றுமையை அளந்துகொண்டிருப்போம்.

கடைசியாக, இப்போது எல்லோரும் கேட்பது: ஏஐயிடமே கொடுத்துவிட்டால் என்ன? பேச்சை உள்ளே போட்டு, "இந்தப் பேச்சில் குடியேறிகளைப் பற்றிய தொனி என்ன" என்று கேட்டால் பதில் வருகிறது, பெரும்பாலும் நல்ல பதிலே வருகிறது. சொல்லே இல்லாமல் சொல்லப்பட்டதை, மறைமுகக் குத்தலை, ஒப்புமையை எண்ணிக்கையால் பிடிக்க முடியாது, இதனால் முடியும். இந்த ஆற்றலைச் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் என்னை உறுத்துகின்றன. இன்றைய நூல்களில் வளர்ந்த மாடல் 1880-ஆம் ஆண்டுப் பேச்சை இன்றைய காதால் கேட்கிறது, மாற்றத்தை அளக்க வந்த நமக்கு அதுவே அளவுகோலைக் கோணலாக்குகிறது. பேசியவர் பெயரோ கட்சியோ தெரிந்தால் அதை வைத்தே ஊகித்துவிடும் அபாயமும் இருக்கிறது, ஆகவே இரண்டையும் மறைத்துத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், நிறுவனம் மாடலைப் புதுப்பித்துவிட்டால் போன மாதம் வந்த எண் இந்த மாதம் வராது, இன்னொருவர் நம் வேலையைச் சோதிக்கவும் முடியாது.

இதைச் சரியாகச் செய்வது எப்படி என்பதற்கு டல்லாஸ் கார்டும் குழுவினரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல மாதிரி. 140 ஆண்டுக் காங்கிரஸ் பேச்சில் குடியேற்றத்தைப் பற்றிய சுமார் இரண்டு லட்சம் பேச்சுகளைப் பார்த்தார்கள். முதலில் மனிதர்கள் உட்கார்ந்து பகுதிகளைப் படித்துக் குறித்தார்கள், அந்தக் குறிப்புகளை வைத்து மாடலைப் பயிற்றுவித்தார்கள், அதற்குப் பிறகுதான் மொத்தத்துக்கும் ஓட்டினார்கள். மொத்தத்தில் தொனி முன்பைவிட நல்லதாகியிருக்கிறது, ஆனால் கட்சிகளுக்கு நடுவே இடைவெளி அகன்றுவிட்டது என்பது முடிவு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதைச் சராசரி மட்டும் பார்த்தவர் கண்டுபிடித்திருக்க மாட்டார். நாம் ஏஐயைப் பயன்படுத்தினாலும் வரிசை இதுவாகத்தான் இருக்க வேண்டும்: முந்நூறு நானூறு வாக்கியங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் குறியுங்கள், உங்கள் இருவருக்குள்ளேயே எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள், அப்புறம் மாடல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள், அதையும் காலவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பழைய பத்தாண்டில் மட்டும் ஒப்புதல் சரிந்தால், அங்கே மாடலின் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டு மனிதர்களே ஒத்துப்போகாத ஒன்றை மாடலிடம் கேட்பதில் பொருளில்லை.

இந்த வரிசையில் அடங்காத ஒரு வழியையும் சொல்லாமல் விட மனமில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் முதல் அவையில் 1789 முதல் 1791 வரை நடந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பேச்சுகளை எடுத்து, ஒவ்வொரு பேச்சும் அதற்கு முன் வந்தவற்றிலிருந்து எவ்வளவு புதிது, அதற்குப் பின் வந்தவை அதை எவ்வளவு பிடித்துக்கொண்டன என்று பாரனும் குழுவினரும் 2018-இல் அளந்தார்கள். புதிதாகச் சொல்வது ஒன்று, சொன்னது தங்குவது ஒன்று. ரோபெஸ்பியர் மாதிரி சிலருக்கு இரண்டும் சேர்ந்து வந்தன. யார் வாயிலிருந்து மாற்றம் தொடங்கியது என்ற கேள்விக்கு நான் பார்த்ததில் மிக நேரான பதில் இந்த முறைதான். ஆனால் அடியில் அதுவும் ஒரு டாபிக் மாடலின் மேல் நிற்கிறது, பதிவுகளும் பிற்காலத்தில் திரட்டியவை, இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இப்போது நீங்கள் முடிவெடுக்க வேண்டிய இடம். எந்தச் சொல் எந்தச் சொல்லின் இடத்தைப் பிடித்தது என்பது கேள்வி என்றால் எண்ணிக்கையோடு நில்லுங்கள், ஜோடியாக எண்ணுங்கள், பேசியவர்களையும் எண்ணுங்கள். எந்தச் சொற்களைத் தேடுவது என்றே தெரியவில்லை என்றால் இரண்டு குவியல்களை மோதவிட்டு, மேலே வரும் ஐம்பது சொற்களைத் தொடரடைவில் படியுங்கள். 2012-இல் புழக்கத்துக்கு வந்த "பிரெக்சிட்" மாதிரிப் புதிய சொல் என்றால் எண்ணிக்கையே முழுக் கதையையும் சொல்லிவிடும், எதற்கு மாடல்? சொல் அப்படியே இருந்து பொருள் மட்டும் நகர்ந்ததாகச் சந்தேகம், கையில் கோடிக்கணக்கில் சொற்கள் என்றால் எம்பெடிங், கலைத்துப்போடும் சோதனையோடு. தொனிதான் வேண்டும் என்றால் கையால் குறித்த மாதிரியோடு மொழி மாடல், மாடலின் பதிப்பைக் குறித்துவைத்துக்கொண்டு. நேரம் குறைவு, ஒரே ஆள் என்றால் முதல் இரண்டைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த இரண்டையும் சரியாகச் செய்தாலே எழுதுவதற்கு நிறைய இருக்கும்.

நீங்கள் தேடும் சொல் மொத்தப் பதிவிலும் எழுபது எண்பது முறைதான் வருகிறது என்றால் கருவியையே மூடிவிட்டு அத்தனையையும் உட்கார்ந்து படித்துவிடுங்கள், ஒரு மாலைதான் ஆகும். படிக்கும்போது யார் சொன்னார், எந்த விவாதத்தில், யாருக்குப் பதிலாக என்று மூன்று நெடுவரிசைகளில் குறித்துக்கொண்டே போனால், அந்தச் சொல் முதலில் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.